கேள்வியும் ஒரு கோரிக்கையே

(கராச்சர்மாவில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சியில் வரும் விவசாய நிகழ்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நிலத்தைப் பற்றியும், கப்பலைப் பற்றியும், கூலியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேசப் போவதும் நிலத்தைப் பற்றியும் கப்பலைப் பற்றியும்தான். அந்தப் பெட்டிக்கு நம்மைப் போன்றவர்கள் எழுதிப் போடுகிற கேள்விகளின் வழியாகப் பேசப் போகிறேன், அவ்வளவே வித்தியாசம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. உழவனுக்கென்று இந்த நாட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது 1967 ஜனவரி 26 அன்று. டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் ஊர்ப் பொதுவில் பெட்டி வைத்து, ‘கிருஷி தர்ஷன்’ என்ற பெயரில் காட்டினார்கள். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. அதில் வந்த ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியைத் தெரியாத தமிழன் இருக்க முடியாது. எப்போது இது முடியும், எப்போது ‘ஒளியும் ஒலியும்’ வரும் என்று காத்துக் கிடந்த பிள்ளைகள்தான் இன்று இங்கே தலை நரைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

அதற்கும் முன்னால் வானொலி. 1956-ல் பூனா வட்டாரத்தில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்தார்கள். ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் தங்களுக்குள் விவாதிப்பார்கள். தீராத சந்தேகத்தை நிலையத்துக்கு எழுதுவார்கள். பதில் அடுத்த ஒலிபரப்பில் வரும். நம் தஞ்சைத் தரணியில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவிய ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு மக்களே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்தார்கள். கேட்டவன் கேள்வி கேட்டான், பதில் வந்தது, விதை வந்தது, விளைந்தது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் தோழர்களே, ரேடியோ நெல் செழித்த அதே தஞ்சை மாவட்டத்தில்தான், அதே ஆண்டுகளில்தான், கீழவெண்மணி நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் குடிசைக்குள் கருகின. அந்த மக்கள் எழுப்பியதும் விவசாயத்தைப் பற்றிய கேள்விதான். விளைச்சல் கூடியதே, எங்கள் கூலி ஏன் கூடவில்லை என்பதுதான் அது. அந்தக் கேள்விக்கு எந்த நிலையமும் அடுத்த வாரம் பதில் சொல்லவில்லை.

எனவே உழவனின் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பாதிகள் உண்டு என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். மேல் பாதி தொழில்நுட்பம். என்ன பூச்சி, என்ன மருந்து, எவ்வளவு உரம்? கீழ்ப் பாதி வாழ்க்கை. நிலம் யாருடையது, செலவு யாருடையது, விலை வைப்பவன் யார்? மேல் பாதிக்குப் பதில் சொல்ல நிபுணர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழ்ப் பாதி வந்தால் நேரம் முடிந்துவிடுகிறது.

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். என் அண்ணன் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கடல் தண்ணீர் ஏறி உப்புப் பூத்துவிட்டது. ஒரு விவசாய நிகழ்ச்சிக்குத் தமிழில் அஞ்சலட்டை எழுதினோம். அது எந்த நிகழ்ச்சி என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு கேள்விகள் கேட்டிருந்தோம். இந்த மண்ணை எப்படித் திருத்துவது? நிலம் எங்கள் பெயரில் இல்லாதபோது திருத்துகிற செலவுக்குக் கடன் யார் தருவார்கள்? பல வாரம் கழித்து எங்கள் அட்டையைப் படித்தார்கள். வீடே கூடி உட்கார்ந்து கேட்டோம். முதல் கேள்வியைத்தான் படித்தார்கள். ஆற்று நீரைக் கட்டி நிறுத்தி வடியுங்கள் என்று பதில் வந்தது. எந்த ஆறு? இரண்டாவது கேள்வியைப் படிக்கவே இல்லை. அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போகும்போது, “பாதி லெட்டரை எலி தின்னுடுச்சு போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு இந்தப் பாதிக் கணக்கு மனதில் நிற்கிறது.

நம் தீவின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சென்னை நிலையம் மேட்டூர் அணை திறப்பதைச் சொல்லும். ஜூன் 12 என்று தேதி சொல்லும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லும். நமக்கு மே மாதத்திலேயே மழை கொட்டத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை குடிக்கவே தண்ணீர் தேட வேண்டும். நம் மண் புளிப்பு மண். இங்கே நீண்ட நாளாகப் பயிராகி வரும் சி 14-8 என்ற நெல்லின் பெயரைத் தமிழ்நாட்டு நிகழ்ச்சியில் யாரும் உச்சரிக்கப் போவதில்லை. தென்னைக்கும் பாக்குக்கும் இடையே மிளகையும் கிராம்பையும் வைத்துப் பிழைக்கிற தோட்டம் நம்முடையது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கொண்டுவந்து விட்டதாகச் சொல்லப்படும் பெரிய நத்தை இன்னும் நம் காய்கறிப் பாத்தியை இரவில் மேய்கிறது. ஆக, தாய்நாட்டு நிகழ்ச்சி நம் மொழியில் பேசுகிறது, நம் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. இங்குள்ள அறிவிப்பு நம் மண்ணைப் பற்றிப் பேசும்போதும் பெரும்பாலும் நம் மொழியில் பேசுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான் அந்தமான் தமிழன்.

2004 டிசம்பர் 26 சுனாமி நினைவிருக்கிறதல்லவா? அலை வந்து திரும்பிப் போனது மட்டுமல்ல; தென் அந்தமானில் நிலமே தாழ்ந்துவிட்டது. சிப்பிகாட் பக்கத்து வயல்களில் கடல் வந்தது, திரும்பிப் போகவில்லை. உப்பேறிய தாழ்வான நிலத்தை என்ன செய்வது என்பதற்குப் பதில் உண்டு. மண்ணை வெட்டி அகலமான மேட்டுப் பாத்தி போட வேண்டும். இரண்டு பாத்திக்கு நடுவே ஆழமான வாய்க்கால் எடுக்க வேண்டும். நம் பெருமழை மேட்டிலுள்ள உப்பைக் கழுவி இறக்கிவிடும். மேட்டில் காய்கறி, வாய்க்காலில் நெல்லோ மீனோ வைக்கலாம். இதை ஆராய்ந்து பரப்பிய நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? 1978-ல் தொடங்கப்பட்ட மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதே கராச்சர்மாவில்தான் இருக்கிறது! கூப்பிடு தூரத்தில் பதில் இருக்க, என் அண்ணன் கடல் தாண்டி அட்டை எழுதினார். இதில் நம் குற்றமும் இருக்கிறது. வாசலில் உள்ள கதவை நாம் தட்டவில்லை. தட்டினால் என்ன மொழியில் பேசுவது என்ற கூச்சம்தான் காரணம்.

இது மேல் பாதி. இனிக் கீழ்ப் பாதிக்கு வருவோம்.

மேட்டுப் பாத்தி போடப் பணம் வேண்டும். அரசாங்கம் 2019 முதல் உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் தருகிறது, யாருக்கு? நிலம் பெயரில் உள்ளவர்களுக்கு. குத்தகைக்காரனுக்கு இல்லை, கூலிக்காரனுக்கு இல்லை. இந்தத் தீவுகளில் 1978-க்கு முன் வந்து நிலத்தில் அமர்ந்தவன் என்று ஒரு கணக்கு, பின் வந்தவன் என்று ஒரு கணக்கு. 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் காட்டு நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி ஆணையிட்டது. காடு காக்கப்பட வேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஓங்கிகளும் ஜாரவாக்களும் நமக்கு முன்னே இந்த மண்ணுக்கு உரியவர்கள். ஆனால் பாதை வெட்டவும் மரம் தூக்கவும் கட்டடம் எழுப்பவும் அழைத்து வரப்பட்ட தொழிலாளி, வேலை முடிந்தபின் எங்கே போவான் என்ற கேள்விக்கு யார் பதில் சொன்னது? 1964 சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த மலையகக் குடும்பங்களை நினையுங்கள். இரண்டு கடலைத் தாண்டி வந்தவர்கள் மீதும் சுனாமி ஏறியது. அவர்களுடைய கேள்வி எந்த நேயர் கடிதத்தில் அடங்கும்?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். இரந்து கேட்க வேண்டிய எண்ணிக்கை அல்ல இது. சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, தன் குறையைத் தீர்க்கக் கோரி எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. ஆகவே தமிழில் எழுதிய மனுவை வாங்க மாட்டேன் என்று எவரும் சொல்ல முடியாது. பதிலும் தமிழிலேயே வரும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை நாம்தான் போராடிப் பெற வேண்டும். 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம், விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்கும் தனிக் கவனம் செலுத்துவதையும், பல்வேறு வட்டாரங்களின் மொழிகளுக்குப் போதிய இடம் தருவதையும் ஒலி, ஒளிபரப்பின் கடமைகளாக எழுதி வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும். ஆனால் எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அதிகாரியின் கடமை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். இவை ஏட்டில் உறங்குகின்றன. எழுப்ப வேண்டியவர்கள் நாம்.

எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்குக் குஜராத்தைக் காட்டுகிறேன். 1975-ல் அங்கே கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற ஊரில், ஒரு சிறிய ஒளிபரப்பியைக் கொண்டு கிராமத் தொலைக்காட்சி தொடங்கினார்கள். உரம் போடுவதை மட்டும் அல்ல, குறைந்த கூலியையும் தீண்டாமையையும் பேசினார்கள். ஊர் மக்களையே பேச வைத்தார்கள். கேள்வியின் கீழ்ப் பாதியைப் படித்தார்கள். 1984-ல் அதற்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

கருவி இல்லை என்ற சாக்கும் இப்போது போய்விட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து இந்தத் தீவுகளுக்குக் கடலடியில் 2300 கிலோமீட்டர் நீளக் கம்பி வடம் வந்து சேர்ந்தது. படமும் குரலும் நொடியில் போய் வருகின்றன. 2004-ல் தொடங்கிய உழவர் அழைப்பு மையத்துக்கு 1800-180-1551 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம். வடம் வந்துவிட்டது, வாய் திறக்க வேண்டியது நாம்தான்.

என்ன செய்யலாம்? மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, மாதம் ஒரு முறை இதே இடத்தில் கூடி, ஒரு விவசாய நிகழ்ச்சியைச் சேர்ந்து பார்ப்போம், பார்த்தபின் விவாதிப்போம். தனியாகப் பார்த்தால் அது பொழுதுபோக்கு. கூடிப் பார்த்தால் அது பள்ளிக்கூடம்.

இரண்டு, கேள்வியை முழுதாக எழுதுவோம். பயிர் என்ன, வயது என்ன, மேட்டு நிலமா பள்ள நிலமா, நோய் முதலில் தெரிந்தது எந்த மாதம், இதுவரை என்ன செய்தோம் என்பதெல்லாம் இருக்கட்டும். அதன் கீழேயே நிலம் யாருடையது, விளைந்ததைச் சந்தையில் என்ன விலைக்கு எடுத்தார்கள், கப்பல் வராத வாரத்தில் என்ன ஆனது என்பதும் இருக்கட்டும். ஒரே தாளில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கிழிக்க முடியாதபடி எழுதுங்கள். பெண்கள் தங்கள் பெயரிலேயே எழுத வேண்டும். நடுவதும் களை பறிப்பதும் அவர்கள். கேள்வி மட்டும் ஏன் ஆண் பெயரில் போக வேண்டும்?

மூன்று, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி சங்கத்தில் இருக்கட்டும். அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, பதில் சொல்லாமல் விட்ட பகுதி மூன்றையும் ஒரு பேரேட்டில் எழுதி வைப்போம். ஓராண்டு கழித்து அந்தப் பேரேட்டின் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்து எழுதினால் போதும். நம் கோரிக்கைப் பட்டியல் தயாராகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இங்குள்ள வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இந்தத் தீவின் விவசாயத்துக்கெனத் தமிழ் நேரம் கேட்போம். ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழில் பதில் சொல்ல ஒருவரைக் கேட்போம். குத்தகைக்காரனைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். வங்காளிச் சகோதரனும் தெலுங்குச் சகோதரனும் ராஞ்சித் தொழிலாளியும் இதே உப்பு நிலத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

சகோதரர்களே, அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு கேள்வியோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், நம் பிள்ளைகள் எழுதட்டும். முதல் தாளை நானே கொண்டு வந்திருக்கிறேன். என் அண்ணன் அன்று கேட்டு, யாரும் படிக்காமல் விட்ட அந்த இரண்டாவது கேள்விதான் இது. பேரேட்டில் முதல் வரியாக இதைப் பதியும்படி செயலாளரைக் கேட்டு அமர்கிறேன்.