நீலம் கூடிப்போன நீலகிரி

(சங்கத்தின் சென்ற கூட்டத்தில், திரையில் புகைப்படங்களைக் காட்டிப் பேசியதன் எழுத்து வடிவம்)

"உங்க கோத்தகிரி படங்களைக் காட்டி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். காட்டுகிறேன். ஆனால் போன வருடம் நம் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டு, நீங்களும் தாராளமாகக் கைதட்டல் படம் அனுப்பினீர்களே, அவை இல்லை. அவற்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் நானும் என் மனைவியும் ஐந்து நாள் கோத்தகிரி போயிருந்தோம். படம் எடுக்கவென்றே போன பயணம். சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ். காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் வந்த நடைமுறை அது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும். அந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

ஊட்டிக்குப் போகாமல் ஏன் கோத்தகிரி என்று கேட்பீர்கள். ஒரே நாளில் தொட்டபெட்டா, ஏரி, பூங்கா என்று ஓடினால் போய்வந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும், படம் கிடைக்காது. ஒரே ஊரில் தங்கி, எதிரே இருக்கும் அதே மலையை ஐந்து காலையும் ஐந்து மாலையும் எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேயிலைச் சரிவின் மடிப்புகளில் நிழல் விழும். மலைக்கு ஒரு உருவம் வரும். பகல் 12 மணிக்கு எடுத்தால் பச்சைப் போர்வையைக் கொடியில் உலர்த்தியது மாதிரி இருக்கும். ஆகவே நாங்கள் பகலில் தூங்கினோம். விடியலில் ஸ்வெட்டர், மப்ளர், பிளாஸ்க்கில் காபியோடு நின்றோம். இரண்டு நாள் பனிமூட்டம் எதையும் காட்டவில்லை. மூன்றாம் நாள் கொடநாடு காட்சிமுனையில் மூட்டம் விலகி, கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு தெரிந்தது. ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. தூரம் போகப்போக நீலம்.

அந்த நீலம் மலையில் இல்லை, நடுவிலிருக்கும் காற்றில் இருக்கிறது. வெயிலிலுள்ள நீல ஒளியைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கிறது. வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். தூரம் கூடினால் நடுவில் காற்றும் கூடும், நீலமும் கூடும்.

ஆனால் எனக்கு அந்த நீலம் சரியாகத் தெரியவில்லை. பழைய கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாம் பழுப்பேறித் தெரிந்தது. கேமராவில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் குறைத்து நீலத்தை ஏற்றினேன். "இங்க் பாட்டிலைக் கவுத்த மாதிரி இருக்குங்க, நாம பார்த்த மலை இப்படியா இருந்தது?" என்றாள் மனைவி. "உனக்கு கலர் தெரியாது" என்றேன். அப்படியே சொன்னேன், மறைப்பானேன்.

ஆகஸ்டில் வலது கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிச் சுவரைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு வெள்ளைச் சுவர். இடது கண்ணுக்கு டீத்தண்ணி தெளித்த சுவர். இத்தனை வருடம் அதைத்தான் வெள்ளை என்று நினைத்திருக்கிறேன். வயதாக ஆக கண்ணிலுள்ள லென்ஸ் மஞ்சளித்து நீலத்தைத் தடுக்குமாம். மெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாதாம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே கதை. புரை முற்றிய காலத்தில் அவர் வரைந்தவை சிவப்பும் பழுப்புமாக மாறிப்போயின. 1923-இல் அறுவை செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மனைவி சொன்னது சரிதான். இங்க் பாட்டில்.

அசலுக்குத் திரும்பலாம் என்றால், அசல் இல்லை. திருத்திய ஒவ்வொன்றையும் பழைய படத்தின் மேலேயே சேமித்திருக்கிறேன். மெமரி கார்டையும் அழித்துவிட்டேன், அடுத்த பயணத்துக்கு ஆகட்டும் என்று. முப்பத்துச் சொச்சம் வருடம் பேங்க்கில் லெட்ஜர் எழுதியவன் நான். தப்பாக எழுதினால் சுரண்டக்கூடாது, அழிக்கக்கூடாது; ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி இனிஷியல் போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நானே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கொடநாட்டில் அந்தக் காலை எடுத்த 140 படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சியது மனைவியின் செல்போனில் இருந்தவை. நான் ஸ்டாண்டை நிறுத்தி மூட்டம் விலகக் காத்திருந்த நேரத்தில், பக்கத்தில் நின்று அவள்பாட்டுக்கு எடுத்த 31 படங்கள். சிலவற்றில் என் மப்ளர் குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். அது ஆறியபின், ஜனவரியில் மறுபடி கோத்தகிரி. இந்தத் தடவை அவளுக்கும் ஒரு கேமரா.

பி பிளாக் தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள். முதல் படம், கொடநாடு, காலை.