கூற்றும் கேட்போரும்

ஒருவன் உள்ளத்தில் எழுந்த எண்ணம் மற்றொருவன் உள்ளத்தை எவ்வாறு சென்றடைகின்றது? நாள்தோறும் நிகழ்வதால் இது எவருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை. ஆயினும் எண்ணத்தைக் கையில் எடுத்துக் கொடுக்க எவராலும் இயலாது. கொடுக்கக் கூடியது ஓர் ஒலி, ஒரு கையசைவு, ஒரு வரி எழுத்து. அதைப் பெற்றவன் தன் அறிவைக் கொண்டு அவ்வெண்ணத்தைப் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. ஆகவே பேச்சு என்பது பேசுவோன் ஒருவனுடைய தொழில் அன்று. அதில் பாதிக்கு மேற்பட்ட வேலை கேட்பவனுடையது.

தமிழ் இலக்கண நூலார் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புக்களைக் கூறுகின்றது. எழுத்தும் அசையும் சீரும் அடியும் மட்டும் அவற்றுள் அடங்கவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் உறுப்புக்களாகவே எண்ணப்பட்டன. பேசுவோர் யார், கேட்போர் யார், எவ்விடத்து, எப்பொழுது, என்ன பயன் கருதி என்னும் வினாக்கள் யாவும் இங்கே அடங்கிவிட்டன. எச்சம் என்பது சொல்லாது விடப்பட்டு, கேட்போன் தானே நிரப்பிக்கொள்ள வேண்டிய பகுதி. முன்னம் என்பது இன்ன இடத்தில் இன்னார் இன்னார்க்கு இதனைச் சொல்லுதல் தகும் என்று உணர வைக்கும் குறிப்பு. மேனாட்டில் 1934ஆம் ஆண்டில் கார்ல் பூலர் என்னும் அறிஞரும், 1960இல் ரோமன் யாக்கோப்சனும் பேச்சின் கூறுகளை வகுத்துக் காட்டினர். அவர்களுடைய பட்டியலுக்குப் பக்கத்தில் நம் நூலாருடைய பட்டியலை வைத்துப் பார்த்தால் இது இளைத்ததாகத் தோன்றாது.

இவ்வுறுப்புக்கள் வாழ்க்கையில் எவ்வாறு இயங்குகின்றன என்று காண, கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் உள்ள புசல்லாவையை எடுத்துக்கொள்ளலாம். 1841ஆம் ஆண்டில் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலைச் செடிகளைக் கொணர்ந்து நட்ட ரொத்சைல்ட் தோட்டம் இங்கேதான் இருக்கின்றது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் இம்மலைகள் முழுவதும் தேயிலை ஆயின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள், தமிழ் அறியாத துரையின் கீழ், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழத் தொடங்கினர். செய்தி எவ்வாறு செல்கின்றது, எவ்விடத்தில் தடைப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான களம் கிடைப்பது அரிது.

முதலில் தப்பைப் பார்க்கலாம். பழைய நாளில் தோட்டங்களில் விடியுமுன்னே தப்பு முழங்கும். லயத்திலுள்ளோர் எழுந்து பிரட்டுக் களத்திற்குச் செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். அதே தப்பு சாவுக்கு ஒரு வகையாகவும், திருமணத்திற்கு வேறொரு வகையாகவும், மாசி மாதத்துக் காமன் கூத்திற்கு இன்னொரு வகையாகவும் முழங்கும். கேட்டவர் எவரும் ஐயுற்றதில்லை. நேற்றுப் பிறந்த ஊரார் அல்லாத ஒருவருக்கோ எல்லாம் ஒரே ஒலிதான். குறியீடு என்பது இருவருக்குள் முன்னரே ஏற்பட்ட உடன்பாடு. உடன்பாடு இல்லாத செவிக்கு அது வெறும் ஓசை.

தப்புக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஒலி மழுங்கும். தீ மூட்டிக் காய்ச்சினால்தான் மீண்டும் குரல் எழும். பள்ளத்தாக்கில் காற்று திரும்பினால் அடுத்த டிவிசனுக்குக் கேளாது. ஆகையால் அடிப்பவன் ஒரு முறையோடு நிறுத்துவதில்லை, அடுத்தடுத்து அடிப்பான். 1948இல் குளோட் ஷனன் என்னும் அமெரிக்கர் செய்தியைக் கணித முறையில் ஆராய்ந்தபொழுது, இரைச்சல் நிறைந்த வழியில் செய்தி சிதையாது செல்ல வேண்டுமாயின் மிகைபடக் கூறுதல் வேண்டும் என்பதை நிறுவினார். நன்னூலார் குற்றம் என்று ஒதுக்கிய கூறியது கூறல், மலையடிவாரத்தில் குணமாகிவிடுகின்றது.

ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டில் முரசு இதற்கும் மேலே சென்றது. அங்கே வாழ்ந்த ஜோன் காரிங்டன் என்னும் பாதிரியார் 1949இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கியுள்ளார். அங்குள்ள மொழிகளில் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றும். அந்த ஏற்ற இறக்கத்தை முரசில் எழுப்பினால் சொல்லே ஒலிப்பது போலாகும். ஒரே தாளமுடைய சொற்கள் பல இருப்பதால், ஒவ்வொரு சொல்லோடும் நீண்ட அடைமொழி ஒன்றைச் சேர்த்து முழக்குவர். தமிழ் அவ்வகை மொழி அன்று. ஆகவே தப்பு வாக்கியம் பேசவில்லை. சில செய்திகளை மட்டும் பேசியது. அச்சில செய்திகளுள் முதன்மையானது, வேலைக்கு வா என்பது.

சொற்களிலும் இவ்வுடன்பாட்டைக் காணலாம். தோட்டத்தில் மலைக்குப் போதல் என்றால் கொழுந்து பறிக்கும் நிலத்திற்குப் போதல். லயம் என்பது இசையோடு இயைந்த லயம் அன்று. வரிசையாய்க் கட்டிய வீடு. பேர் என்ற சொல்லே எல்லாவற்றிலும் விந்தையானது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய பதிவு பேர் எனப்படும். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர் விழும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான் என்று ஒரு பெண் கூறுவதைக் கேட்டால், சொற்கள் யாவும் தமிழாயிருந்தும் பொருள் விளங்காது நிற்பார். இருவரும் ஒரு மொழியினர். ஒரு களத்தினர் அல்லர்.

துரைமார் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கையேடு ஒன்றின் பெயர் ‘இங்கே வா’ என்பது. ஒரு மொழியை அறிந்துகொள்ளும் வாயிலுக்கு இப்பெயரை இட்டவர் தம்மையறியாமலே பெரிய உண்மையைச் சொல்லிவிட்டார். வா, போ, எடு, வை என்ற ஏவல் வினைகள் அங்கே முன்னிற்கும். தொழிலாளி என்ன மறுமொழி கூறுவான் என்பது துரைக்குப் பெரிதும் வேண்டப்படவில்லை. மறுமொழிக்கு இடமில்லாத கூற்று விரைவாகச் செல்லும் என்பது உண்மையே. அது சரியாகச் சென்றதா என்று அறியும் வழி மட்டும் அதற்கு இல்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதனை நேரில் காணலாம். மலையிலிருந்து இறங்கிய பெண் கூடையைத் தராசில் மாட்டுகின்றாள். கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைக் கூறுகின்றார். கூடைக்கென்றும் மழைநீருக்கென்றும் ஒரு கழிவு போகின்றது. முள் எங்கே நின்றது என்பதை அவள் பார்க்கும் நிலையில் இருந்தால், அந்த எண் இருவருக்கும் பொதுவான செய்தி ஆகும். பார்க்க இயலாத நிலையில் இருந்தால் அஃது ஆணையாகிவிடும். கூறப்பட்ட எண் இரண்டிடத்திலும் ஒன்றே.

பேச்செல்லாம் செய்தி சொல்வதற்கே என்று எண்ணுதலும் தவறு. பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும் பெண்கள், சாப்பிட்டாயா, பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று கேட்டுக்கொள்வர். விடை பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். மலினோவ்ஸ்கி என்னும் அறிஞர் 1923இல் இவ்வகைப் பேச்சைத் தனியே எடுத்துக் காட்டி, உறவைப் பேணுவதே இதன் பயன் என்றார். எட்டடி அறைகளில் நெருங்கி வாழும் மக்களுக்கு இப்பயன் அற்பமானது அன்று.

எழுத்து வந்தபின் சிக்கல் பெருகியது. துண்டு என்ற சீட்டை நேயர்கள் கேள்வியுற்றிருப்பர். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இக்கூட்டத்தாரை விடுவிப்போம் என்று ஒரு துரை மற்றொரு துரைக்கு அறிவிப்பது போன்ற கடதாசி அது. கங்காணி அதனைக் கொண்டுசெல்வான். கடன் தொழிலாளியின் தலையில் இருக்கும். அதைக் கூறும் எழுத்தை அவன் வாசிக்க மாட்டான். 1921ஆம் ஆண்டுச் சட்டமே இம்முறையை நீக்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து வருவோர் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் தகட்டை அணிந்து வந்தனர். வழியிலுள்ள உத்தியோகத்தர் தகட்டைப் பார்த்து ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைப்பர். அனுப்புவோர் ஒருவர், பெறுவோர் ஒருவர். நடுவே நடந்து வந்த மனிதன் கடித உறையின் நிலையில் இருந்தான்.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் கோ. நடேசய்யர் முக்கியமானவர். தோட்டங்கள் தனியார் நிலம். வெளியார் எளிதில் உள்ளே நுழைய இயலாது. ஆகவே அவர் புடவை வியாபாரியைப் போலச் சென்று தொழிலாளரைக் கண்டார் என்பர். தேசபக்தன் என்னும் பத்திரிகையை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். வாசிக்கத் தெரியாதவரிடம் பத்திரிகை தனியே செல்லாது என்பதை உணர்ந்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை. மக்களுக்கு முன்னமே பழகிய மெட்டுகளில் பாட்டுகளை அமைத்து, கூட்டங்களில் தாமே பாடினார். மெட்டு பழையது, பொருள் புதியது. பழையதைப் பற்றிக்கொண்டுதான் புதியது செவிக்குள் புகும். கூட்டம் கலைந்தபின் பேச்சு மறக்கப்பட்டிருக்கலாம். பாட்டு கொழுந்து மலைக்குச் சென்றது.

கேட்போன் ஏற்கும் வடிவில் இல்லாத செய்தி செய்தியாகாது என்பதற்குக் குடியுரிமைச் சட்டங்களே கொடிய சான்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம், மணமானோர் ஏழு ஆண்டும் மணமாகாதோர் பத்து ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்ட வேண்டும் என்றது. வாழ்ந்தமைக்குச் சாட்சி அயலாருக்குத் தெரியும். நட்ட செடிக்குத் தெரியும். அரசாங்கம் கேட்டதோ கடதாசி. செக்றோல் முதலிய ஏடுகள் தோட்டக் கந்தோரில் இருந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. அவற்றுள் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானபின், வாசிக்கத் தெரிந்தவருக்கும் வாசிக்க முடியாத கடிதங்கள் வரலாயின. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதப்பட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

கொழும்பில் வானொலி 1925இல் தொடங்கியது. மதில், காவல், கேட் எதையும் அது கேளாது லயத்துக்குள் சென்றது. எழுத்தறியாதவரையும் கேட்போராக்கியது. எனினும் வானொலியும் ஒரு பக்கமே பேசும் கருவி. நேயர் மறுமொழி கூற வேண்டுமாயின் கடிதம் எழுத வேண்டும். அக்கடிதத்துக்கு மறுகடிதம் வர ஒரு முகவரி வேண்டும்.

அங்கேதான் இன்றும் தடை இருக்கின்றது. பல தோட்டங்களில் வீடுகளுக்குத் தனி இலக்கமோ பாதைக்குப் பெயரோ இல்லை. ஒரு தோட்டத்தின் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் ஒரே முகவரிதான். தபாற் கந்தோரிலிருந்து வரும் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்கு வருகின்றன. ஒரே பெயருடையோர் இருவர் இருந்தால் அவை வீடு மாறுகின்றன. கைத்தொலைபேசி வந்தபின் பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் தாயோடு நொடியில் பேசுகின்றான். அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதமோ, குறித்த நாள் கழிந்தபின், மடிப்புக் கலையாமல், தோட்டக் கந்தோரின் மேசையில் கிடக்கின்றது.