ஒரு குடும்பம் செய்த தொண்டு



கடல் கடந்து போய் வாழ்வது நமக்குப் புதிதன்று. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். பால்மரக் காடுகளில் அவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவர்கள் விட்டு வந்த அந்த வட ஆர்க்காட்டுச் சீமைக்கே, வேறொரு திசையிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியது ஒரு குடும்பம். அதுதான் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பம்.

கிறிஸ்துவ சமயத்தைப் பரப்பவே அவர்கள் வந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அந்தக் குடும்பத்தின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது, அதிலிருந்து என்ன விளைந்தது என்பதை எந்தச் சமயத்தவரும் அறிந்துகொள்ளலாம். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் வந்தவர் ஜான் ஸ்கடர். நியூயார்க் நகரில் நல்ல வருமானத்தோடு தொழில் செய்துவந்த மருத்துவர். 1819ஆம் ஆண்டு ஜூன் மாதம், மனைவி ஹாரியட்டையும் சிறு பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கல்கத்தாவை அடைய ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. அங்கே அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. பெற்றோர் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறி, தமிழ் கற்று, நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினர். 1836ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தனர். அவர்களுடைய மகன்களில் எழுவர் தந்தை சென்ற வழியிலேயே சென்றனர். ஆர்க்காட்டு மிஷன் என்ற அமைப்பை 1853இல் தொடங்கியவர்கள் அந்த மகன்களுள் சிலரே.

இவற்றையெல்லாம் கேட்கும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் கொடுத்த விலை என்ன என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

எழுவரில் ஒருவர் தந்தையின் பெயரையே தாங்கிய ஜான். அவருடைய ஒரே மகள் ஐடா. ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடிய பஞ்சம் அது. எழுந்து உண்ணவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிய்த்து ஊட்டும் வேலை அச்சிறுமிக்கு வந்தது. பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். பின்னர் தாயும் புறப்பட்டார். மகளோ உறவினர் வீட்டில் விடப்பட்டாள். அம்மா படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அவள் அழுதாள் என்பர். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களின் வழியில் வந்த நமக்கு, அந்த அழுகையை விளக்க வேண்டியதில்லை. இந்த வாழ்க்கை எனக்கு வேண்டவே வேண்டாம் என்று ஐடா உறுதி பூண்டதில் வியப்பும் இல்லை.

1890ஆம் ஆண்டில் தாய் நோயுற்றார். அவரைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்தார். சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவர் எண்ணம்.

ஒருநாள் இரவு, பிராமணர் ஒருவர் வந்தார். இளம் மனைவி பிள்ளைப்பேற்றில் தவிக்கிறாள், உடனே வர வேண்டும் என்று ஐடாவை வேண்டினார். "எனக்கு மருத்துவம் தெரியாது. என் தந்தை மருத்துவர். அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கில்லை என்று அவர் திரும்பிவிட்டார். அதே இரவில் முஸ்லிம் ஒருவர் வந்தார். அதன்பின் மற்றோர் இந்துவும் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. விடிந்ததும் பறையொலி கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தெரியவந்தது.

நேயர்களே, இங்கே ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும். அந்த ஊரில் மருத்துவர் இல்லாமல் இல்லை. அனுபவம் மிக்க மருத்துவர் அதே வீட்டில்தான் இருந்தார். ஆனால் அப்பெண்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய கை அவருடையதாக இல்லை. இரண்டு தலைமுறையாகப் பணி செய்த குடும்பத்தாலும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை. பெண்களுக்குப் பெண்ணே மருத்துவராக வேண்டும் என்பது அன்று ஐடாவுக்கு விளங்கியது. வேண்டாம் என்று ஒதுக்கிய வாழ்க்கையை அவரே தேர்ந்துகொண்டார்.

அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனைவியின் நினைவாகச் செல்வர் ஒருவர் கொடுத்த 10,000 டாலரோடு 1900இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்துவிட்டார். பங்களாவின் சிறிய அறையொன்றில் வைத்தியம் தொடங்கியது. 1902இல் 40 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை எழுந்தது. வயது முதிர்ந்த தாய் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டு, 1925இல் இறக்கும்வரை மகளுடனேயே இருந்தார். ஐடா குடியாத்தம் சாலை வழியே மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டாரிலும் சென்று, மரத்தடியில் காத்திருக்கும் கிராமத்து மக்களுக்கு மருந்து கொடுத்தார்.

ஒரு பெண் மருத்துவர் ஒரு மாவட்டத்துக்குப் போதுமா? போதாது. தம்மைப்போன்ற வெளிநாட்டார் இன்னும் பத்துப் பேர் வந்தாலும் போதாது என்பதை ஐடா உணர்ந்தார். ஆகவே, அந்த மண்ணின் பெண்களுக்கே கற்றுக்கொடுக்க முனைந்தார். 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆகியவை தோன்றின. பெண்களா, மருத்துவமா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். முதலாண்டு அரசாங்கத் தேர்வை எழுதிய மாணவியர் அனைவரும் தேறினர். 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர்களுள் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியும் ஒருவர். அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. ஐடா 1960ஆம் ஆண்டு கொடைக்கானலில் காலமானார்.

ஸ்கடர் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பணிபுரிந்தனர். அவர்கள் கொடுத்த மருந்து கொடுத்த அன்றோடு தீர்ந்துவிட்டது. அவர்கள் கற்றுக்கொடுத்த கல்வியோ அவர்களுக்குப் பின்னும் நிற்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் ஒரு தலைமுறைக்கு உதவலாம். தலைமுறைதோறும் உதவ நம் வீட்டுப் பிள்ளைகளே முன்வர வேண்டும்.

முன்னாளில் நம் தோட்டங்களிலும் பிள்ளைப்பேறு என்றால் லயத்துக் கிழவிதான் துணை. தோட்டத்து டிரெசர் ஆண்பிள்ளை என்று கூச்சப்பட்டு, நோயை மறைத்துத் துன்பப்பட்ட பெண்கள் உண்டு. தாய்மார்களே, அந்தக் கூச்சம் இன்று வேண்டாம். கருவுற்றது தெரிந்தவுடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். கால் வீக்கம், தலைவலி, இரத்தப்போக்கு போன்றவை கண்டால் நல்ல நாள் பார்த்துக்கொண்டிராதீர்கள். ஆண்மக்களே, மனைவியை அழைத்துச் செல்லும் பொறுப்பு உங்களுடையது.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். வேலூரில் முதன்முதலில் மருத்துவம் படிக்கப் போன பெண்களையும் யாரோ ஒரு தாயும் தகப்பனும்தான் துணிந்து அனுப்பிவைத்தார்கள். நாளை நள்ளிரவில் உங்கள் அண்டை வீட்டுக் கதவு தட்டப்படலாம். அப்போது எழுந்து போகக்கூடிய தாதியோ மருத்துவரோ உங்கள் மகளாக இருக்கட்டும்.