பட்டணத்துக் கழிவுநீரும் நம்ம கிணறும்

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் வானொலியில் ஆற்றிய உரை)



மீஞ்சூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஒரு பெரியவர் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்து, "வாயில வச்சுப் பாருங்க சார்" என்றார். ஒரே கரிப்பு. "எங்கப்பா காலத்துல இந்தத் தண்ணியிலதான் நெல்லு விளைஞ்சுது" என்றார்.

இது எப்படி வந்தது? 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்கிணறுகள் போட்டார்கள். அந்தத் தண்ணீர் மணலி ஆலைகளுக்கும் பட்டணத்துக்கும் போனது. நாமும் பம்புசெட் வைத்து இறைத்தோம். மழை ஊற்றிய தண்ணீரைவிட நாம் எடுத்தது அதிகம். 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர், 1983இல் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர்தான் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புநீர் அண்டாது. அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் 40 அடியும் போச்சு!

ஆலைக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்; நம் பிள்ளைகளும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் கொதிகலனுக்கும் குளிர்விக்கும் கோபுரத்துக்கும் ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டுமென்பதில்லை. பட்டணத்து வீடுகளின் கழிவுநீர் போதும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டின. 2019இல் சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் நிலையங்களைத் தொடங்கியது. மணலில் வடித்து, நுண்சவ்வில் சலித்து, பிறகு சவ்வூடு பரவல் முறையில் உப்பையும் நீக்குகிறார்கள். கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக்கும் போகிறது.

4.5 கோடி லிட்டர் என்றால் எவ்வளவு? 220 ஏக்கர் நெல்வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தலாம். அதுவும் ஒரு நாள் தண்ணீர்!

இந்தத் தண்ணீரைப் பங்கிடத் திட்டம் போடுவது, ஏரிப் பாசனத்துக்கு முறை வைப்பது மாதிரிதான். எந்த ஆலைக்கு எவ்வளவு, எந்தத் தரத்தில் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். குழாய் நீள நீளப் பம்ப் செலவு ஏறும். கொடுங்கையூரிலிருந்து கும்மிடிப்பூண்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் குழாய் போடுவதா, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஊர்க் கழிவுநீரையே அங்கங்கே சுத்தம் செய்வதா என்று எடைபோட வேண்டும். நிலையம் பழுதானால் தாங்குவதற்குத் தொட்டி வேண்டும். குடிநீர்க் குழாயோடு இந்தக் குழாய் எந்த இடத்திலும் சேரவே கூடாது.

விவசாயிகளே, இதில் நமக்கு ஒரு விஷயம் முக்கியம். ஆலைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் அதன் ஆழ்குழாய்க் கிணறு ஓடிக்கொண்டிருந்தால், நமக்கு ஒரு சொட்டும் மிச்சமில்லை. ஆகவே கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். குழாய் வந்த ஆலையின் கிணறு நின்றதா? உப்பை நீக்கியபின் மிஞ்சும் கடும் உப்புநீரை எங்கே விடுகிறார்கள்? நம் வாய்க்காலிலோ ஏரியிலோ விழுகிறதா?

நம் பங்கும் உண்டு. டாங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்றால் கையில் காசு நிற்கும், கிணற்றில் தண்ணீர் நிற்காது. பக்கத்துக் கொல்லைக்காரர் கிணறும் சேர்ந்தே இறங்கும். சுத்தம் செய்யாத சாக்கடை நீரைக் கீரைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சாதீர்கள். வருஷம் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவை நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அதிகாரிகளிடம் பேச அதுதான் சாட்சி.

ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது. ஏரி நிரம்பி, தடுப்பணையில் தண்ணீர் தேங்கி, இறைப்பும் குறைந்தால் வருஷக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் விலகும். அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். "நான் குடிக்காட்டியும் பரவாயில்ல, பேரன் குடிச்சாப் போதும் சார்" என்றார்.