மீனுக்கு முன்னால் பாக்டீரியா குடிவரட்டும்

(சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் லிஃப்டில் ஒருவர் கேட்டார்: "சார், உங்க வீட்டுல கடல் மீன் தொட்டி இருக்காமே? நாங்களும் வைக்கலாம்னு இருக்கோம். எந்த மீன் வாங்கலாம்?" "மீனைப் பத்தி ஒன்றரை மாசம் கழிச்சுப் பேசுவோம்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத்தான் செயலாளர் எனக்கு இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்கிறார்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மகளின் பிறந்தநாளுக்கு 100 லிட்டர் தொட்டி வாங்கினேன். சனிக்கிழமை உப்புநீர் கலந்தேன். ஞாயிறு காலை இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். "ஒண்ணும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர். மூன்றாம் நாள் இரண்டும் மேலே வந்து மூச்சு வாங்கின. ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் நம் கட்டடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. நம் எஸ்.டி.பி.யைத்தான் சொல்கிறேன். நாம் குடிவந்த புதிதில் மோட்டார் ஓடியது, ப்ளோயர் ஓடியது, நாற்றம் மட்டும் போகவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிலையத்திலிருந்து சேற்றைக் கொண்டுவந்து கலந்து, சில வாரங்கள் காத்திருந்த பிறகுதான் சரியானது. கழிவைச் சுத்தம் செய்வது இயந்திரம் அல்ல, அதற்குள் வளரும் பாக்டீரியா. மீன் தொட்டியிலும் இதே கதைதான்.

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது கண்ணுக்குத் தெரியாது. கடல்நீர் காரத்தன்மை உள்ளது என்பதால் அதில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும். சிக்கல் என்னவென்றால், இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

செய்முறை எளிது. ஆர்.ஓ. தண்ணீரில், கடல் மீனுக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலக்குங்கள். சமையல் உப்பு ஆகாது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். பாக்டீரியா ஒட்டி வளர, துளைகள் நிறைந்த செராமிக் கற்களைப் போடுங்கள். கடற்கரையில் கிடக்கும் பவளத்தை எடுத்துவர வேண்டாம். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது.

ஃபில்டரையும் பம்பையும் ஓடவிட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேருங்கள். கடையில் மீன் தொட்டிக்கென்றே கிடைக்கும். இல்லையென்றால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடலாம், அது அழுகி அம்மோனியா தரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனைக் கிட்டில் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியும். நடுவில் கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படியும். பயந்து எல்லாவற்றையும் கழுவிவிடாதீர்கள். கடைசியாக, மறுபடி 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேர்த்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு, முதலில் ஒன்றிரண்டு மீன் மட்டும் விடுங்கள். பாக்டீரியாவும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள். 100 லிட்டர் தொட்டி, கண்ணாடியும் கல்லும் தண்ணீரும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டிவிடும்; கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். மின்சாரம் போனால் மீனுக்கு மட்டுமல்ல, பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய உப்புத் தண்ணீரை நம் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள், கருகிவிடும்.

இரண்டாவது முறை நாங்கள் 38 நாள் காத்திருந்தோம். வெறும் தண்ணீரையும் கல்லையும் பார்த்து வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்றார்கள். மகள் ஒவ்வொரு சோதனையின் எண்ணையும் காலண்டரில் எழுதினாள். அந்த இரண்டு மீன்களும் மூன்று வருடமாக எங்களோடு இருக்கின்றன. கோமாளி மீன்களை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்களில் குஞ்சு பொரிக்கவே வைத்திருக்கிறார்கள். அதனால் வாங்கும்போது, கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கேளுங்கள்.

நம் குடியிருப்பில் யார் தொட்டி தொடங்கினாலும் என்னிடம் சொல்லுங்கள். என் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வெட்டித் தருகிறேன். எஸ்.டி.பி.க்குக் கொண்டுவந்த சேறு மாதிரி, உங்கள் காத்திருப்பும் கொஞ்சம் குறையும். ஆனாலும், சோதித்துப் பார்க்காமல் மீன் வாங்கப் போகாதீர்கள்.