மேசை இருக்கிறது, கதிரை எங்கே?

நடுவர் அவர்களே, புதுக்கோட்டைப் பெருமக்களே!

பல்கலைக்கழக மாணவருக்கு உலகப் பார்வையைத் தருவது பெரிதும் நூல்களா, பல பண்பாடுகளிலிருந்து வரும் ஆசிரியர்களா? ஆசிரியர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "உலகம் முழுக்க நூலகத்துல இருக்கு. அதை எடுத்துச் சொல்ல ஒரு வாத்தியார் போதும். அவர் எந்த ஊர்ல பிறந்தா என்ன?"ன்னு கேட்டார். நல்லாத்தான் கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா பதில் சொல்லணுமே!

நான் கல்லூரியில் படித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஐயா எங்களுக்குத் தமிழ் நடத்தினார். முதல் நாள் வகுப்புக்குள் வந்தவர், "தம்பி, அந்தக் கதிரையை இஞ்சால போடும்" என்றார். கதிரையா? வகுப்பே சிரித்தது. நாற்காலியைத்தான் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

ஐயா கோபப்படவில்லை. மேசையைத் தட்டிக்காட்டி, "இது என்ன?" என்றார். "மேசை"ன்னோம். "கதிரையும் மேசையும் போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல்லுகள். உங்கட ஜன்னல், சாவி எல்லாம் அவையளோட வந்ததுதான். மேசையை வச்சுக்கொண்டு கதிரையை மட்டும் கடலிலை போட்டிட்டியளோ?" என்றார். நடுவர் அவர்களே, அதுக்கப்புறம் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை!

எதிரணியினர் உடனே சொல்வார்கள், "இது அகராதியிலேயே இருக்கே!" இருக்கிறது ஐயா, இல்லேன்னு யார் சொன்னது? ஆனால் தினமும் சாவி போட்டுப் பூட்டுகிற நமக்கு, அந்தச் சொல்லுக்காக அகராதியைத் திறக்கணும்னு தோணுமா? நூல் விடை சொல்லும். கேள்வியை யார் கிளப்புவது? நமக்குப் பழகிப்போனது எவருக்குப் புதுசோ, அவர்தான் கிளப்புவார்!

இந்த மண்ணுக்கே வருவோம். சித்தன்னவாசல். இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் இருக்குமா? 1916-இல் 'புதுக்கோட்டை அரசின் பொது வரலாறு' என்று ஆங்கிலத்தில் நூல் எழுதினாரே எஸ்.ராதாகிருஷ்ணய்யர், நம்ம மன்னர் கல்லூரி முதல்வர், அவர் அதிலே சித்தன்னவாசலைக் குறித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ழுவோ துப்ரேய் வந்தார். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியர். பல்லவர் கோயில்களைத் தேடித்தேடி அலசியவர். 1920-இல் இங்குள்ள ஓவியங்களைப் பற்றி எழுதினார். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற அடியார், தூணில் ஆடல் மகளிர், எல்லாவற்றையும் கலையுலகம் திரும்பிப் பார்த்தது.

இங்கே ஒன்றை நான் மறைக்கக்கூடாது. மறைத்தால் எதிரணி விடாது! அந்தப் பிரெஞ்சு ஆசிரியர் இவை பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவை என்று கருதினார். பின்னாளில் அங்கேயே பாறையில் இருக்கிற தமிழ்க் கல்வெட்டைப் படித்தவர்கள், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் நடந்த திருப்பணியை எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகு அறிஞர்கள் காலக் கணக்கையே மாற்றிப் போட்டார்கள். அப்போ வெளியூர்க் கண் தோற்றுப்போச்சா? இல்லை ஐயா! அந்தக் கண் பார்த்துச் சொன்னதை இந்த ஊர்க் கல்வெட்டு திருத்தியது. இரண்டும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தால்தான் அது பல்கலைக்கழகம்!

வெளியூர்க்காரர் நம்மூருக்கு வந்த கதை இது. நம்மவர் வெளியே போன கதையையும் கேளுங்கள். தனிநாயகம் அடிகளார் 1913-இல் யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்தார். ரோமாபுரியில் இறையியல் படித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே அவர் நிகழ்த்திய பேராசிரியப் பதவி உரை எதைப்பற்றி? இந்தியச் சிந்தனையும் ரோமானியரின் ஸ்டோயிக் தத்துவமும்! ரோமாபுரியையும் சிதம்பரத்தையும் தன் காலால் நடந்து பார்த்தவருக்கு, இரண்டையும் பக்கத்தில் வைக்கத் தோன்றியது. 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவர் முயற்சியால்தான்.

ரோமாபுரி நமக்கு எங்கோ தூரம்னு நினைக்காதீங்க. 1898-இல் நம்ம கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. காசு இந்த மண்ணுக்குள் இருந்தது. அது பேசுகிற கதையைச் சொல்ல, கடலுக்கு இருகரையும் தெரிந்த ஆள் வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் மட்டும் யாரும் நல்லாசிரியர் ஆகிவிட மாட்டார். தன் ஊரைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வெறும் குறிப்பு வாசித்தால், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்து என்ன பயன்? எங்கள் ஐயா தன் கதிரையை மறைக்கவில்லை. அன்றைக்கு அவர் வெட்கப்பட்டு நாற்காலி என்று மாற்றிச் சொல்லியிருந்தால், எங்களுக்கு அந்தப் பாடமே கிடைத்திருக்காது.

இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். இந்த மாவட்டத்திலிருந்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் படித்து, டெல்லியிலோ டோக்கியோவிலோ பாடம் நடத்தப்போகிற பெண் ஒருத்தி இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அம்மா, உன் ஊர்ப்பேச்சை மறைக்காதே. அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நீதான் வெளிநாட்டு ஆசிரியை!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வரி. சித்தன்னவாசல் கல்வெட்டு சொல்கிறதே, அந்தத் திருப்பணியைச் செய்தவர் பெயர் என்ன தெரியுமா? இளங்கௌதமன். பட்டம் என்ன? "மதுரை ஆசிரியன்"! நடுவர் அவர்களே, அன்றைக்கே வெளியூர் வாத்தியார்தான் ஐயா! தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.