பள்ளிக்கூடத்துத் தெருவில் யாருக்கு முதல் பாத்தியதை?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடியிருக்கும் ஓர் ஊரில், கட்சிக் கிளையும் சங்கமும் சேர்ந்து நடத்திய தெருக் கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது.)



இன்றைக்கு நாம் பஞ்சப்படியைப் பற்றிப் பேசக் கூடவில்லை. போனஸைப் பற்றியும் அல்ல. நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இந்தத் தெருவைப் பற்றித்தான் பேசப் போகிறோம். மில்லின் பின்கேட்டில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்து வாசலைத் தொட்டுக்கொண்டு, கல்குவாரி ரோட்டில் போய்ச் சேருகிற அரை மைல் தெரு இது.

"தெருவைப் பற்றிப் பேச ஒரு மீட்டிங்கா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறோம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்களும் இதை ஒரு சில்லறை விஷயம் என்றே எண்ணியிருந்தோம். வேகத்தடை போடு, போர்டு வை என்பதெல்லாம் யாராவது மனுக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும், சங்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று இருந்துவிட்டோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை பள்ளி வாசலிலேயே டிப்பர் லாரியில் அடிபட்டு, தொடை எலும்பு முறிந்து நாலு மாதம் படுத்துக் கிடந்தது. அந்தக் குழந்தையின் பாட்டி காட்டு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் சாயங்காலம் சங்க ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "ஏந் தம்பி, போனசுக்கு மில்லு வாசல்ல உக்காந்தீங்க, சரி. எம் பேத்திக்கு எங்கே உக்காருவீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

குழந்தை இப்போது நடக்கிறாள். ஒரு கால் கொஞ்சம் இழுக்கிறது.

நாலு மணிக்கு நடப்பது என்ன?

நாலு மணிக்குப் பள்ளி விடுகிறது. அதே நாலு மணிக்கு மில்லில் ஷிப்ட் மாறுகிறது. பகல் ஷிப்ட் வெளியே வருகிறது, அரை நைட் உள்ளே போகிறது. வேனில் வருகிறவர்கள் வேனிலும், மற்றவர்கள் பைக்கிலும் ஓடிவருகிறார்கள். கார்டு அடிக்கக் கொஞ்சம் தாமதமானாலும் சம்பளத்தில் பிடித்தம். ஆகவே, தோழர்களே, முறுக்குகிறோம். ஆமாம், நாம்தான் முறுக்குகிறோம்! நம் குழந்தை வெளியே வரும் வாசலை நாமே ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறோம். அதே நேரத்தில் குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் வருகின்றன. பள்ளிச் சுவரை ஒட்டியோ, இறக்குவதற்குக் காத்து நிற்கும் பஞ்சு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றரை அடி உயரக் குழந்தை லாரிக்குப் பின்னாலிருந்து ரோட்டில் கால் வைக்கும்வரை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைக்கும் டிப்பர் தெரியாது.

"குழந்தைகளுக்குப் புத்தி சொல்லுங்கள், பார்த்துப் போகச் சொல்லுங்கள்" என்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு, வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கிற சக்தி வளர்ந்திருப்பதில்லை. நூற்பு மெஷினில் பல்சக்கரத்துக்கு மூடி போடாமல், "கையைப் பார்த்து வேலை செய்" என்று முதலாளி சொன்னால் நாம் ஒப்புக்கொள்கிறோமா? மூடி போடு என்றுதானே கேட்கிறோம்? தெருவிலும் அதையே கேட்போம்.

வேகத்தின் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். முப்பது கிலோமீட்டரில் வருகிற ஒரு கார், டிரைவர் குழந்தையைப் பார்த்துத் திடுக்கிட்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செகண்டு என்று வைத்தால், காய்ந்த நல்ல ரோட்டில் சுமார் 43 அடியில் நின்றுவிடும். ஐம்பதில் வருகிற கார் நிற்க சுமார் 90 அடி ஆகும். முதல் கார் நின்றுபோன இடத்தை இரண்டாவது கார் அடைகிறபோது அதன் டிரைவர் பிரேக்கை இன்னும் தொட்டிருக்கவே மாட்டார். முழு வேகத்தோடு மோதுவார். லோடு ஏற்றிய டிப்பருக்கு இன்னும் கூடுதல் தூரம் வேண்டும். இருபது கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்கிறோம். அந்த இருபதில் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

நடக்கிறவன் யார்?

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். தினம் சராசரி 90 பேர்! தமிழ்நாட்டில் அந்த வருஷம் எல்லா ரோடு விபத்துகளிலும் சேர்ந்து 17,884 பேர் மாண்டிருக்கிறார்கள். நடந்து போகிறவன் யார், தோழர்களே? பங்களாக்காரன் நடப்பதில்லை. காட்டு வேலைக்குப் போகிற தாய் நடக்கிறாள். காலனியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நம் பிள்ளைகள் நடக்கிறார்கள். நாலு வழிச் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் கோடி கோடியாகப் பணம் இருக்கிறது. பள்ளி வாசலில் ஆறடி நடைபாதைக்கு "நிதி இல்லை" என்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தில் தெளிவாக இருப்போம். டிப்பர் டிரைவர் நமக்கு எதிரி அல்ல. போன வாரம் ஒரு டிரைவர் தோழர் சங்க ஆபீஸுக்கு வந்து சொன்னார்: "எட்டு நடை அடிச்சாத்தான் முழு பேட்டா. ஆறு நடையோடு நின்னா வீட்டுக்கு என்ன கொண்டு போறது? எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்குதுங்க." அவருடைய காலை ஆக்சிலேட்டரில் அழுத்துவது அவர் மட்டும் அல்ல. நடைக் கணக்கு சேர்ந்து அழுத்துகிறது, அதனால் லாபம் பார்க்கிற குவாரி முதலாளியும் சேர்ந்து அழுத்துகிறார். அதற்காக வேகம் போகலாம் என்று விட்டுவிட முடியுமா? முடியாது. வேகத்தையும் தடுக்க வேண்டும், நடைக் கணக்குக் கூலியையும் எதிர்க்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் தொழிலாளியும் தொழிலாளியும் ரோட்டில் மல்லுக்கட்டி நிற்பதுதான் மிச்சம்.

ஹாலந்தில் நடந்தது

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தேசத்தின் கதையைச் சொல்கிறோம். ஹாலந்து என்றால் இன்றைக்கு எல்லோரும் சைக்கிள் தேசம் என்கிறார்கள், என்னவோ பிறவியிலேயே அப்படி இருந்ததைப்போல. அப்படி இல்லை. யுத்தத்துக்குப் பிறகு அங்கே கார் பெருகியது. காருக்காக வீடுகளை இடித்தார்கள், ரோட்டை அகலப்படுத்தினார்கள், குழந்தைகள் விளையாடிய சதுக்கங்களைக் கார் நிறுத்தும் இடமாக்கினார்கள். 1971-ல் அந்தச் சின்ன தேசத்தில் ரோடு விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தன் மகளை இப்படிப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பது தலைப்பு. விபத்து என்று எழுதவில்லை, கவனியுங்கள். கொலை என்றே எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் தகப்பன்மார்களும் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். விபத்து நடக்கிற முனைகளில் மறியல் செய்தார்கள். தெருவை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் டி பைப் என்று ஒரு பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட நெருக்கமான வீடுகள், குறுகலான நீளத் தெருக்கள். பீர் ஆலை ஒரு பக்கம், வைரம் பட்டை தீட்டுகிற பாக்டரி ஒரு பக்கம். 1972-ல் அங்கே பள்ளிப் பிள்ளைகளே கிளம்பினார்கள். விளையாட இடம் கேட்டுத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள், தடுப்பு வைத்துத் தெருவை மறித்தார்கள். கார்க்காரர்கள் இறங்கி வந்து சண்டை போட்டார்கள். பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்து நின்றார்கள்.

அடுத்த வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க 1973 நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். டெல்ஃப்ட் என்ற ஊரில் ஏற்கெனவே ஒரு புது முறையைச் செய்து பார்த்திருந்தார்கள்: குடியிருப்புத் தெருவை வீட்டு முற்றம் மாதிரி ஆக்குவது. நேர் ரோட்டை வளைப்பது, நடுவில் மரம், பெஞ்சு. வண்டி வரலாம், ஆனால் நடக்கிற வேகத்தில்தான் வர வேண்டும். 1976-ல் அது சட்டமாயிற்று. 2010-ல் அங்கே ரோட்டில் மாண்ட குழந்தைகள் 14 பேர். அந்தப் பதினாலும் இருந்திருக்கக் கூடாது, ஆனால் நானூறு எங்கே, பதினாலு எங்கே! 2023 டிசம்பர் முதல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் முப்பதுக்கு மேல் போகக் கூடாது.

அது முதலாளித்துவ தேசம்தான். அங்கே சோஷலிசம் வந்துவிடவில்லை. சர்க்கார் தானாக இரங்கியும் கொடுக்கவில்லை. தெருவில் நின்று வாங்கினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 112-வது பிரிவின்கீழ் ஒரு குறிப்பிட்ட ரோட்டில் வேகத்தைக் குறைக்கலாம். 115-வது பிரிவின்கீழ், பொது ஜனப் பாதுகாப்புக்காக இன்ன வகை வண்டி இந்த ரோட்டில் வரக் கூடாது என்று சர்க்காரோ, சர்க்கார் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ உத்தரவு போடலாம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் கெஜட்டில் போட வேண்டியதில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். ஆகவே "பார்க்கிறோம், மேலே எழுதியிருக்கிறோம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு மாதம் போட்டுப் பாருங்கள் என்று கேட்போம். ரோட்டை முறைப்படி போடாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019 திருத்தத்தில் 198-ஏ பிரிவு வந்திருக்கிறது. கோவை எலும்பு முறிவு வைத்தியர் டாக்டர் ராஜசேகரன் 2012-ல் போட்ட வழக்கில், நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. தாளில் இருக்கிறது. தெருவில் இல்லை.

ஆபீஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் நெடுஞ்சாலை இலாகா ரோடு என்கிறார்கள். அங்கே போனால் பஞ்சாயத்து ரோடு என்கிறார்கள். மூன்று மாதம் எங்களை இப்படி அலைய விட்டார்கள். கடைசியில் ரிகார்டைப் பார்த்தால், மில் கேட்டிலிருந்து பள்ளி தாண்டி முந்நூறு அடி வரை பஞ்சாயத்துடையது, மீதி நெடுஞ்சாலை இலாகாவுடையது. ஆகவே இரண்டு மகஜர். இரண்டுக்கும் நகல், கலெக்டர் தலைமையிலுள்ள மாவட்ட சாலைப் பாதுகாப்புக் கமிட்டிக்கு.

நாம் கேட்பது இவை: பள்ளிக்கு இரு பக்கமும் வேகம் முப்பதுக்கு மேற்படக் கூடாது. பள்ளி கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் டிப்பர் வரக் கூடாது. பள்ளிச் சுவரை ஒட்டி லாரி நிற்கக் கூடாது, மில் நிர்வாகம் தன் காம்பவுண்டுக்குள் இடம் கொடுக்கட்டும். உள்ளே காலி இடம் கிடக்கிறது, நாம் பார்க்காததா? இதோடு ஷிப்ட் நேரத்தை அரை மணி தள்ளி வைக்க வேண்டும் என்று சங்கம் தனியாக மில்லுக்கு எழுதுகிறது.

வேகத்தடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரே ராத்திரியில் வரப்பு மாதிரி ஒரு மேட்டைக் கொட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளை வர்ணம் இருக்காது, போர்டு இருக்காது. அரை நைட் முடிந்து பைக்கில் வருகிறவன் தூக்கி எறியப்படுவான். பின்னால் உட்கார்ந்த கர்ப்பிணி கதி என்ன? இந்திய ரோடு காங்கிரஸின் அளவு இருக்கிறது: வண்டி போகிற போக்கில் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். நம் கணக்கில் பன்னிரண்டு அடிக்கு நாலு அங்குலம். இருபத்தைந்து கிலோமீட்டரில் வந்தால் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும். வேகமாக வருகிறவனுக்குத்தான் தூக்கிப் போடும். நம் கட்டடத் தோழர்கள் டேப்பும் மட்டப்பலகையும் கொண்டுபோய் நின்று, அளவு சரியானால்தான் கான்ட்ராக்டரை விட வேண்டும். நடைபாதையும் அப்படியே. ஆறு அங்குலத்துக்கு மேல் தூக்கிக் கட்டினால் வயதானவர்கள் ஏற முடியாமல் மறுபடி ரோட்டில்தான் நடப்பார்கள்.

கடைக்காரர்கள் சிலர் வியாபாரம் கெடும் என்கிறார்கள். பறக்கிற டிப்பரா அவர்கள் கடையில் மிட்டாய் வாங்குகிறது? நின்று வாங்குவது நடக்கிற பிள்ளைகள்தான். அவர்களிடம் பொறுமையாகப் பேசுவோம். சங்கத் தோழர்கள் பள்ளி நேரத்தில் வாசலைக் கடக்கும்போது பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவது என்று கிளை முடிவு செய்திருக்கிறது. நாளை முதலே அமல். தவறினால் குழந்தைகளே நிறுத்திக் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மே முதல் தேதி கிராம சபை. காலையில் கொடியேற்றி முடித்ததும் ஊர்வலமாக அங்கேதான் போகிறோம். தீர்மானம் எழுத்தில் பதிவாகிற வரை யாரும் எழுந்து வரக் கூடாது. காட்டு வேலைக்குப் போகிற தாய்மார்களின் கையெழுத்தை விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் காலனியிலேயே வாங்கிவிட வேண்டும். மில் கேட்டில் பகல் ஷிப்டும் அரை நைட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். டிரைவர் தோழர்களின் கையெழுத்தும் வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் 43 அடியையும் 90 அடியையும் அளந்து கோடு போடப் போகிறோம். போகிற வருகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பாட்டி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் கோட்டை அவள்தான் போடுவாள். நூறடி டேப் ஒன்று வேண்டும், யாரிடமாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சுண்ணாம்புக் கட்டி சங்க ஆபீஸில் இருக்கிறது.